எழுபத்தொன்பதின் வீடு

“…அடியத் தொட்டதுக்கு அடையாளமா ஒரு பிடி மண்ணையாவது கையில வச்சுக்கிட்டுத்தான் மேல வருவாங்க எங்கப்பா. நான் இத்தனை வருசமா முங்கிட்டு, என்னத்த சார் கொண்டாந்திருக்கேன்?”

இதைச் சொன்னவர் பிலோமினா டீச்சர். தூத்துக்குடியில் நாங்கள் வேலை பார்த்த கல்லூரியின் கணிதத் துறையில் எனக்குப் பக்கத்து மேசை. ஊர் வேம்பார். அப்பா சங்கு குளிக்கப் போனவர். இதைச் சொன்னபோது டீச்சர் கையில் தட்டச்சு செய்த ஆய்வேட்டுக் கட்டு இருந்தது. அதன்மேல் துறைத் தலைவர் சடகோபன் சார் அப்போதுதான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாள் இருந்தது. மை சரியாகக் காயக்கூட இல்லை.

போன மாதம் டீச்சர் காலமானார். வேம்பாரில் அடக்கம். போய் மண் போட்டுவிட்டு வந்தேன். இரண்டு நாளில் துறையின் இளைய ஆசிரியர் ஒருவர் இரங்கல் கூட்ட அழைப்பிதழை எனக்கு வாட்ஸப்பில் அனுப்பினார். ‘முனைவர் பிலோமினா’ என்று போட்டிருந்தது. உடனே போன் செய்தேன்.

“தம்பி, அந்த முனைவரை எடுத்துருங்க.”

“ஏன் சார்? மேடம் டாக்டர் இல்லையா?”

“இல்லை.”

“எண்கணிதத்துல அப்படிப் பேசுவாங்களே சார். எங்க பேட்ச்ல எல்லாரும் டாக்டர்னுதான நெனச்சிருந்தோம்.”

“பேசுவாங்க. பட்டம் இல்லை. அவங்க இருந்திருந்தா அச்சாபீசுக்கே பஸ் ஏறிப் போய் எடுக்கச் சொல்லியிருப்பாங்க.”

“அப்ப ஏன் சார் முடிக்கலை?”

போனில் சொல்லி முடிகிற பதிலா அது. எழுதித் தருகிறேன் என்றேன். துறை மலரில் போட்டுக்கொள்கிறோம் என்றார். என் சொந்தக் கதையும் கொஞ்சம் வந்து கலக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். பேசிப் பழகியவன் எழுத உட்கார்ந்தால் அப்படித்தான் வரும்.

நான் நாசரேத்துக்காரன். பள்ளிப் படிப்பு முடிந்ததும் தட்டச்சு படித்துவிட்டுத் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் சேர்ந்தேன். ஆபீசை ஒட்டியே சரக்கு அடுக்கும் கிட்டங்கி. அங்கே செல்லையா அண்ணாச்சி என்று ஒரு மேஸ்திரி. எண்ணெய் டிரம் வந்தால் அவருக்குச் சதுரமாக நிறுத்தியாக வேண்டும். ஒரு சதுரத்தில் அடங்கவில்லையா, இரண்டு சதுரமாகப் போடுவார். இருபத்தொன்பது டிரம் வந்தால் ஐந்துக்கு ஐந்து ஒரு கட்டம், இரண்டுக்கு இரண்டு ஒரு கட்டம். பதிமூன்று வந்தால் மூன்றுக்கு மூன்று, இரண்டுக்கு இரண்டு. ஆனால் இருபத்துமூன்று வந்தால் மனுஷன் முகம் சுண்டிவிடும்.

“இருபத்தொம்பது சமத்துப் பிள்ளை தம்பி. இந்த இருபத்துமூணு சண்டைக்காரப் பய. எப்படி நிறுத்துனாலும் எவனாவது ஒருத்தன் வரிசைக்கு வெளிய நிப்பான்.”

இரண்டுமே பகா எண்கள்தான். ஒன்று இரண்டு சதுரமாகப் பிரிகிறது, இன்னொன்று பிரியவே மாட்டேன் என்கிறது. ஏன்? ஆபீசில் கேட்டேன். “பில்லை அடிடே” என்றார்கள். கொஞ்ச நாள் கழித்துப் பழைய புத்தகக் கடையில் அட்டை போன ஒரு கணிதப் புத்தகம் கிடைத்தது. அதில் இருந்தது. இரண்டைத் தவிர எந்தப் பகா எண்ணையும் நான்கால் வகுத்துப் பார். மீதி ஒன்று என்றால் இரண்டு சதுரங்களின் கூட்டாக எழுதலாம். மீதி மூன்று என்றால் தலைகீழாக நின்றாலும் முடியாது. இருபத்தொன்பதுக்கு மீதி ஒன்று, இருபத்துமூன்றுக்கு மூன்று.

செல்லையா அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன். கேட்டுவிட்டு, “அப்ப அவன் பொறப்பே அப்படியா? சரி, இனி அவனைத் திட்டலை” என்றார். அதற்குப் பிறகு இருபத்துமூன்று வந்தால் திட்டாமல் நிறுத்தினார். அந்த ஒரு விதிதான் என்னை அஞ்சல்வழிப் பட்டம், முதுகலை என்று இழுத்துக்கொண்டு போய்க் கல்லூரி வாசலில் விட்டது. அந்த வருஷங்களைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. பஸ்ஸில் படித்தேன், பஸ்ஸில் தூங்கினேன்.

இப்போது சடகோபன் சார்.

ஸ்ரீவைகுண்டத்திலிருந்து தினம் பஸ்ஸில் வருவார். நெற்றியில் மெல்லிய ஒற்றைக் கோடு. வகுப்பு முடிந்தால் கரும்பலகையைத் தானே ஈரத்துணியால் துடைப்பார், அடுத்தவரை விடமாட்டார். எண்களை அவர் அஃறிணையாகப் பேசி நான் கேட்டதில்லை. “பதினேழு வந்திருக்காரு, என்னன்னு கேளுங்க” என்பார். முதல் வாரம் எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் எனக்கே அது தொற்றிக்கொண்டது. வீட்டில் ஒருநாள் “பதினொண்ணு வந்துட்டாரா” என்று பஸ்ஸைப் பற்றிக் கேட்கப்போய், மனைவி என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

அவர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. மிஞ்சி மிஞ்சிப் போனால், “எனக்கு விளங்கலை” என்பார். அதைக் கேட்டால் வகுப்பெடுத்துக்கொண்டிருப்பவருக்கு வேர்த்துவிடும்.

அவர் ஏற்படுத்திய வழக்கம் ஒன்று இருந்தது. துறையிலிருந்து கட்டுரையோ ஆய்வேடோ வெளியே போவதற்கு முன்னால், வெள்ளிக்கிழமை மதியம் எழுதியவர் எங்கள் முன்னால் பலகையில் நிற்க வேண்டும். நிரூபணத்தை வாசிக்கக் கூடாது. உட்கார்ந்திருப்பவர்கள் ஆளுக்கொரு எண் சொல்வார்கள். தன் தேற்றம் அந்த எண்ணுக்கு என்ன சொல்கிறதோ அதை எழுதியவர் கையாலேயே போட்டுக் காட்ட வேண்டும். கால்குலேட்டர் கிடையாது. எண்ணைச் சொல்பவர் காரணம் சொல்ல வேண்டியதில்லை. வயதைச் சொல்லலாம், வாசல் நம்பரைச் சொல்லலாம்.

சார் அதை ‘விசாரிப்பு’ என்றார். இயற்பியல் துறையிலிருந்து டீ குடிக்க வந்து அப்படியே உட்கார்ந்துவிடும் மொகுதூம் சார், “கணக்கு டிப்பார்ட்மெண்ட் போலீஸ் ஸ்டேசன்” என்றார். மொகுதூம் சார் காயல்பட்டினத்துக்காரர். அண்ணன் தம்பி எல்லாரும் துபாயில், இவர் மட்டும் சாக்பீஸோடு இங்கே. அவர் சும்மா இருந்தால் உடம்புக்கு என்ன என்று விசாரிக்க வேண்டும்.

விசாரிப்பில் ஒரு விதி உண்டு. சொன்ன எண்ணுக்குத் தேற்றம் பதில் சொல்லாவிட்டால் அந்த எண் பலகையின் மூலையில் நிற்கும். எழுதியவர் பதில் கொண்டுவரும் வரை வேறு யாரும் அதைத் துடைக்கக் கூடாது. துடைக்கிற வேலையை யாருக்கும் விடாத சடகோபன் சாரே அந்த மூலையை மட்டும் விட்டுவிட்டுத் துடைப்பார். மற்ற வகுப்புகள் மீதிப் பலகையில் நடக்கும். மாணவர்கள் கேட்டால், “அவர் காத்துக்கிட்டிருக்காரு” என்பார்.

பிலோமினா டீச்சரின் ஆய்வு, செல்லையா அண்ணாச்சியின் இரண்டு கட்டத்துக்கு அடுத்த படி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சதுரத்தை அப்படியே கூட்டாமல், இரண்டாவது சதுரத்தை ஐந்து மடங்காக்கிக் கூட்டினால் எந்தெந்தப் பகா எண்கள் கிடைக்கும்? எழுத்தில் x² + 5y². 29 என்பது 9 + 20, அதாவது 3² + 5·2². 41 என்பது 36 + 5. இந்த மாதிரி அமைப்புக்கு இருபடி வடிவம் என்று பெயர். டீச்சர் அதை வீடு என்பார். “இருபத்தொம்பது x² + 5y² வீட்டுப் பிள்ளை” என்பார்.

இங்கேயும் மீதியை வைத்து விதி உண்டு. பகா எண்ணை இருபதால் வகுத்து மீதி ஒன்றோ ஒன்பதோ வந்தால் அந்த வீட்டுப் பிள்ளை. மூன்றோ ஏழோ வந்தால் பக்கத்திலிருக்கும் இன்னொரு வடிவத்தின் பிள்ளை. இரண்டையும் ஐந்தையும் தவிர, வேறு மீதி வரும் பகா எண்ணுக்கு இரண்டு வீட்டிலும் இடமில்லை. ஐந்துக்கு, ஆறுக்கு, பத்துக்கு, பதிமூன்றுக்கு என்று அதிகாரம் அதிகாரமாக இந்த விதிகளைத் தன் வழியில் நிரூபித்துக்கொண்டு வந்தார். கடைசி அதிகாரம் பதினான்கு, அதாவது x² + 14y². பகா எண்ணை ஐம்பத்தாறால் வகுத்து மீதி 1, 9, 15, 23, 25, 39 இவற்றில் ஒன்று வந்தால் அது அந்த வீட்டுப் பிள்ளை என்பது அந்த அதிகாரத்தின் தேற்றம். ஆய்வேட்டின் தலைப்பே அந்த அதிகாரத்தை நம்பித்தான் வைத்தது.

எங்கள் நூலகத்தில் அப்போது இந்த விஷயத்துக்கு ஒரே ஒரு புத்தகம், அதுவும் பதினான்கு வரை வராது. இணையம் என்ற பேச்சே இல்லை. டீச்சருடைய நெறியாளர் வெளியூரில் இருந்தார், அவருடைய துறை வேறு. ஆகவே டீச்சருக்குத் துணை டீச்சர்தான். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வேம்பார் பஸ்ஸில் உட்கார்ந்து எண் போடுவார். உப்பளம் வருகிற இடத்தில் ரோடு குலுங்கும், அந்த இடத்தில் எழுதிய எண்களெல்லாம் கோணலாக இருக்கும். “இது உப்பளத்து முப்பத்தேழு அண்ணாச்சி” என்று என்னிடம் காட்டிச் சிரிப்பார். பகுதிநேரப் பதிவு. தவணை நீட்டி நீட்டி, இனி நீட்ட முடியாது என்று பல்கலைக்கழகம் எழுதிவிட்டது. அந்த மாதக் கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பதிவு ரத்து. அத்தனை வருஷத்து வேலையும் அந்த ஒரு தேதியில் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த நிலையில்தான் டீச்சர் விசாரிப்புக்கு நின்றார்.

நீலச் சேலை, கையில் புது சாக்பீஸ். முகத்தில் தூக்கமில்லை, ஆனால் சந்தோஷம் இருந்தது. முதலில் என்னைக் கேட்டார். நான் செல்லையா அண்ணாச்சியை நினைத்துக்கொண்டு இருபத்துமூன்று என்றேன். டீச்சர் திரும்பிப் பார்க்காமலே எழுதினார்: 23 = 9 + 14. இரண்டு சதுரத்துக்கு மசியாத சண்டைக்காரன், இந்த வீட்டுக்குள் சமர்த்தாக வந்து உட்கார்ந்துவிட்டான். எனக்கே மனசு குளிர்ந்தது.

மொகுதூம் சார், “நூத்தி அம்பத்தொண்ணு. ஏன்னு கேக்கக் கூடாது, அது உங்க ரூலு” என்றார். ஐம்பத்தாறால் வகுத்து மீதி முப்பத்தொன்பது. டீச்சர் கொஞ்சம் யோசித்து எழுதினார்: 25 + 126. அதாவது 5² + 14·3². மொகுதூம் சார் மேசையைத் தட்டினார்.

அடுத்து சடகோபன் சார். ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு ஒரு பழக்கம், அப்பாவின் வயது பகா எண்ணாக இருக்கும் வருஷத்தில் அதையே சொல்வார்.

“அப்பாவுக்கு இப்ப எழுபத்தொம்பது. அவரையே கூப்பிடுவோமே.”

டீச்சர் வகுத்தார். ஒரு ஐம்பத்தாறு போக மீதி இருபத்துமூன்று. என்னுடைய எண் எந்த மீதியோ அதே மீதி. “வீட்டுப் பிள்ளைதான் சார்” என்று சொல்லிக்கொண்டே போட ஆரம்பித்தார். எழுபத்தொன்பதில் ஒரு பதினான்கு போனால் அறுபத்தைந்து. சதுரம் இல்லை. y-க்கு இரண்டு வைத்தால் நாலு பதினான்கு போய் இருபத்துமூன்று. சதுரம் இல்லை. ஒன்பது பதினான்கு எடுக்க எழுபத்தொன்பதில் இடமே இல்லை. ஒன்றும் எடுக்காமல் விட்டால் எழுபத்தொன்பதே சதுரமாக இருக்க வேண்டும். அதுவும் இல்லை.

அவ்வளவுதான். வேறு வழியே கிடையாது. ஒரு டீ ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை.

டீச்சர் மேலிருந்து மறுபடி போட்டார். மறுபடியும் அதே அறுபத்தைந்து, அதே இருபத்துமூன்று.

மொகுதூம் சார் நிலைமையை லேசாக்கப் பார்த்தார். “சாரோட அப்பாவுக்கு ஒரு வீடு குடுக்க மாட்டேங்கீங்களே மேடம்.” யாரும் சிரிக்கவில்லை. அவருக்கே அது பிடிக்காமல் தலையைக் குனிந்துகொண்டார்.

சடகோபன் சார், “எனக்கு விளங்கலை” என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. மூலையைக் கையால் காட்டினார். டீச்சர் அங்கே 79 என்று எழுதிவிட்டு, சாக்பீஸைப் பலகை விளிம்பில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை நான் வரும்போது டீச்சர் எனக்கு முன்னால் வந்திருந்தார்.

“அண்ணாச்சி, இங்கன பாருங்க. ஒரு வார்த்தை.”

பார்த்தேன். ஐந்துக்கு எழுதிய நிரூபணத்தில், மீதி பொருந்தி வரும் பகா எண் ஏதாவது ஒரு வீட்டுக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்று முதலில் காட்டியிருந்தார். அது அசைக்க முடியாத நிரூபணம். ஐந்துக்கு இரண்டே வீடுகள், மீதியைப் பார்த்து ஒன்றைத் தள்ளினால் இன்னொன்றுதான் மிச்சம். பதினான்குக்கு நான்கு வீடுகள். மீதியைப் பார்த்து அதில் இரண்டைத் தள்ளியிருந்தார், அதுவும் சரி. மிச்சம் இரண்டு: x² + 14y², 2x² + 7y². அந்த இடத்தில், “சிமிலர்லி, இரண்டாவதையும் விலக்கலாம்” என்று ஒரே வரி. ஆங்கிலத்தில் எழுதிய ஆய்வேடு, ‘அதேபோல’ என்று பொருள்படும் அந்த சிமிலர்லி வழவழவென்று கண்ணில் படாமல் போய்விட்டிருந்தது. கணக்குப் படித்தவர்களுக்குத் தெரியும், எங்கள் தொழிலில் ஆளை விழத்தட்டுவது கடினமான இடங்கள் அல்ல. கடினமான இடத்தில் எல்லாரும் பார்த்துத்தான் நடப்போம். நாலு முறை சரியாக வந்த வழி ஐந்தாவது முறையும் வரும் என்று கால் தானாகப் போகிற இடத்தில்தான் விழுவோம்.

“நான் சரி பார்த்தேனே அண்ணாச்சி. பஸ்ல பஸ்லயா அத்தனை போட்டுப் பார்த்தேனே.”

எப்படிச் சரி பார்த்தார் என்று கேட்டேன். x-க்கு ஒரு எண், y-க்கு ஒரு எண் வைத்து, வருகிற பகா எண்ணை ஐம்பத்தாறால் வகுத்துப் பார்த்திருக்கிறார். ஒவ்வொன்றும் சரியான மீதியோடு வந்திருக்கிறது. வராமல் எங்கே போகும்? வீட்டுக்குள் இருந்து வெளியே வந்தவர்களைத்தான் எண்ணியிருக்கிறார். வெளியிலிருந்து வந்த ஒருவரை, இது உன் வீடுதானா என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

டீக்கு வந்த மொகுதூம் சாரும் உட்கார்ந்து கேட்டார். வழக்கமான நக்கல் அவர் முகத்தில் இல்லை.

“மேடம், எங்க ஊருக்குத் தெருப் பேரை மட்டும் வச்சுக்கிட்டு வந்தீங்கன்னா என்னைக் கண்டுபிடிக்க முடியாது. வீட்டுக்கு ஒரு மொகுதூம் இருப்பான். உங்க மீதி தெருவைச் சொல்லுது. வீட்டைச் சொல்லலை.”

டீச்சர் மெதுவாக, “ரெண்டு வீட்டுக்கும் ஒரே தெரு” என்றார்.

மதியம் ஆபீஸ் போனிலிருந்து நெறியாளருக்குப் பேசினார். இந்தப் பக்கத்துப் பேச்சு மட்டும்தான் என் காதில் விழுந்தது.

“ஆமா சார்… ஒரு எண்தான் சார்… இல்ல சார், ஒண்ணு தப்பினா அதுக்குப் பின்னால எத்தனை நிக்குன்னு யாருக்குத் தெரியும்… அந்த அதிகாரத்தை எடுத்துட்டா?… ஓ… சரி சார்… சரி.”

போனை வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்.

“பதினாலை எடுத்தா தலைப்பு மாறுமாம். தலைப்பை மாத்த மனுப் போடணுமாம், கமிட்டி கூடணுமாம். தேதிக்குள்ள நடக்காதாம். அப்படியே குடுங்க, தேர்வாளர் கேட்டா அப்பப் பாத்துக்கிடலாங்காரு. அனேகமா கேக்க மாட்டாங்களாம்.”

“நீங்க என்ன நினைக்கீங்க?”

“கேக்க மாட்டாங்கதான் அண்ணாச்சி. நாலு அதிகாரம் ஒழுங்கா இருந்தா அஞ்சாவதை யாரு நின்னு பாப்பா? நானே பாக்கலையே.”

இரண்டு நாள் மூலையிலிருந்த எழுபத்தொன்பதுக்குக் கீழே வகுப்புகள் நடந்தன. டீச்சரும் அந்தப் பலகையில்தான் பாடம் எடுத்தார். அந்தப் பக்கம் போகும்போது மட்டும் உடம்பை ஒதுக்கிக்கொண்டு போவார்.

புதன்கிழமை மதியம் கட்டைத் தூக்கிக்கொண்டு துறைத் தலைவர் அறைக்கு வந்தார். நானும் மொகுதூம் சாரும் அங்கே இருந்தோம். பல்கலைக்கழகத்துக்கு அனுப்பத் துறைத் தலைவர் கையெழுத்து வேண்டும். அதற்கான தாளை நீட்டினார். சடகோபன் சார் கண்ணாடியைப் போட்டு முழுதாக வாசித்தார். பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “சார், அங்கன எழுபத்தொம்பது நிக்காரே” என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

“நிக்காரு. இந்தத் தாள்ல என்ன எழுதியிருக்கு? இவங்க இந்தத் துறையில இருந்து வேலை பாத்தாங்கன்னு எழுதியிருக்கு. அது உண்மை. அதுக்கு நான் கையெழுத்துப் போடாம இருந்தா நான்தான் பொய் சொன்ன மாதிரி.” தாளை டீச்சரிடம் கொடுத்தார். “அம்மா, நீங்க குடுத்தாலும் சரி, குடுக்கலைன்னாலும் சரி, நாளைக்கும் இதே மேசைதான், இதே டீதான். ஆனா பலகையில நிக்கிற எழுபத்தொம்பதை நான் துடைக்க முடியாது. அவரு உங்க ஆளு.”

இதற்குப் பதிலாகத்தான் டீச்சர் தன் அப்பாவின் பிடி மண்ணைப் பற்றிச் சொன்னார், நான் முதலில் எழுதிய அந்த வார்த்தைகளை.

பின்னால் நடந்ததை இங்கே சொல்லிவிடுகிறேன். இளைய ஆசிரியர்களுக்கு வேண்டியது இதுதானே. அந்த மாதத்தோடு பதிவு ரத்தானது. சில வருஷம் கழித்து வேறு நெறியாளரிடம் மறுபடி பதிந்தார். அப்போது அவர் கணவருக்கு உடம்பு முடியாமல் போயிற்று. ஆஸ்பத்திரி, வீடு, கல்லூரி என்று அலைந்ததில் அதுவும் நின்றது. மூன்றாவது முறை அவர் முயலவில்லை. துறையில் அவருக்கு ஜூனியர்கள் முனைவர் ஆனார்கள், தலைவர் ஆனார்கள். கூட்டங்களில் நாற்காலி வரிசையில் டீச்சர் பின்னால் போனார். அது வலிக்கவில்லை என்று நான் எழுதினால் அவரே எழுந்து வந்து அடித்துத் திருத்துவார். ஒருமுறை பட்டமளிப்பு விழா முடிந்து திரும்பும்போது, “அந்தக் கருப்பு அங்கிய ஒரு தடவ போட்டுப் பாக்கணும்னு இருந்துச்சு அண்ணாச்சி” என்றார்.

முதுகலை வகுப்பில் ஒவ்வொரு வருஷமும் பதினான்கை நடத்தினார். பலகையில் முதலில் 23, பக்கத்தில் 79. ஒரே மீதி, ஒரே தெரு, வேறு வேறு வீடு. மீதி எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று மணி அடிக்கும் வரை நடத்துவார். யாராவது டாக்டர் மேடம் என்று கூப்பிட்டால், “டாக்டர் இல்ல, டீச்சர்” என்று அங்கேயே திருத்துவார். சடகோபன் சாரின் அப்பா எண்பத்துமூன்றுக்கு வந்த வருஷம், சார் அதை விசாரிப்பில் அறிவித்தார். டீச்சர் மறுநாள் ஒரு பெட்டி மக்ரூன் வாங்கி வந்து, “எழுபத்தொம்பதுக்குக் குடுக்காதது” என்று சார் கையில் கொடுத்தார். சார் சிரித்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

விசாரிப்பு இப்போது இல்லை. கணினி நிமிஷத்தில் லட்சம் எண்ணைச் சரி பார்க்கிறது, நிரூபணத்தைக்கூட எழுதித் தருகிறது என்கிறார்கள். நல்லதுதான். அன்று எங்களிடம் ஒன்று இருந்திருந்தால் டீச்சர் பஸ்ஸிலேயே எழுபத்தொன்பதைச் சந்தித்திருப்பார். ஆனால் சந்தித்த பிறகு என்ன செய்வது என்பதை அப்போதும் டீச்சர்தான் முடிவு செய்திருக்க வேண்டும்.

அந்தப் புதன்கிழமைக்கே வருகிறேன். “என்னத்த சார் கொண்டாந்திருக்கேன்?” என்று கேட்டுவிட்டு டீச்சர் பதிலுக்கு நிற்கவில்லை. அறையை விட்டு வெளியே வந்து, காலியாக இருந்த வகுப்புக்குள் போனார். நாங்கள் மூவரும் வாசலில் போய் நின்றோம். நேரே பலகையின் மூலைக்குப் போனார். ஈரத்துணி பக்கத்திலேயே இருந்தது. எடுக்கப்போகிறார் என்று நினைத்தேன். சாக்பீஸை எடுத்தார். எழுபத்தொன்பதுக்குப் பக்கத்தில் மெதுவாக எழுதினார்: = 72 + 7. ஆறின் சதுரம் இரண்டு மடங்கு, ஒன்றின் சதுரம் ஏழு மடங்கு. அது 2x² + 7y², தெருவின் அடுத்த வீடு. பிறகு முன் பெஞ்சில் மாணவிகள் உட்காரும் இடத்தில் உட்கார்ந்து, கட்டின் கயிற்றை அவிழ்த்து, கடைசி அதிகாரத்தைத் தனியே எடுத்து, சிமிலர்லி என்ற வார்த்தையின்மேல் ஒரு கோடு போட்டார். எழுத வெற்றுத்தாள் வேண்டியிருந்தது. அக்கம்பக்கம் பார்த்தார். சடகோபன் சார் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாள் கட்டின்மேல் இருந்தது. அதை எடுத்துத் திருப்பிப் போட்டு, உள்ளங்கையால் ஒருமுறை நீவிவிட்டு, அதன் பின்பக்கத்தில் 23 என்று எழுதி, அதன் கீழே 79 என்று எழுதி, போட ஆரம்பித்தார்.